வாழைநாரில் தைத்தது

யோசுவாவின் வாழைக்குலை மண்டிக்கு ஐந்தாவது கவர் கௌஹாத்தியிலிருந்து வந்தது. முந்தின நான்கையும் அவர் பிரித்துப் பார்க்காமல் மருமகள் ஷெமியிடம் கொடுத்திருந்தார். சென்னையிலிருந்து ஒன்று வந்தபோது கூடப் படித்தவள் யாராவது போட்டிருப்பாள் என்று விட்டுவிட்டார். பெங்களூர், கொச்சி என்றபோது வேலைக்கு எழுதிப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கௌஹாத்தியில் யார் இருக்கிறார்கள்? பாறசாலையிலிருந்து அந்த ஊருக்கு ஒரு சீப்புப் பழம் போனதாக அவருக்கு நினைவில்லை. சரக்குப் போகாத ஊரிலிருந்து தபால் வருகிறது என்றால் மண்டிக்காரன் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். அவரும் பார்த்தார். பிறகு குலை வெட்டுகிற கத்தியின் நுனியால் ஓரத்தைக் கீறினார்.

எதிரே கயிறும் சாக்கும் விற்கிற கடை என்னுடையது. இங்கிலீஷ் என்றால் அவர் என்னைத்தான் கூப்பிடுவார். கை காட்டினார், போனேன்.

உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு புத்தகம். கறுப்பு அட்டை. அதில் வெள்ளை மையால் ஒரு நிலா, நிலாவுக்குள் ஒரு கண். பக்கத்துக்கு இரண்டு வரி, எல்லாம் கையெழுத்து. தூக்கம் வராத ஒரு ஆள் ராத்திரியில் என்னென்ன சத்தம் கேட்டது என்று எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில், ‘படித்து முடித்தால் இன்னொருவருக்குக் கொடுங்கள்’ என்றிருந்தது. நான் தமிழில் சொன்னேன். யோசுவா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விலை இல்ல. அச்சாபீஸ் பேரு இல்ல. அடுத்தவனுக்குக் குடுக்கச் சொல்லுகான். இது கைப்பிரதியாக்கும் டே.”

கைப்பிரதி என்று அவர் சொன்னதில் பயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் சும்மா ஒரு காகிதத்தைக் கையில் திணிப்பது கூட்டக்காரர்கள்தான். அப்போது மலையடிக் கூட்டம் என்று ஒன்று வாடகை ஹாலில் நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்தவர்கள் நகையைக் கழற்றுவார்கள், சபையை விட்டு விலகுவார்கள். எங்கள் சபையிலிருந்து இரண்டு வீட்டார் அப்படிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் யாரும் பெண் எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. யோசுவாவின் மகள் ஆர்ஷாவுக்கோ மார்த்தாண்டத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அன்று மத்தியானம் சோற்றுப் பாத்திரம் கொண்டுவந்த எலிசாளிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். எலிசாள் அவர் மனைவி. பேரம் பேசுவதில் யோசுவாவையே ஏத்தன் வாழைக்குலை மாதிரி சருகுக்குள் சுற்றி வைத்துவிடுவாள். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“எனக்கு ஆறு மாசமா சம்சயம் உண்டு,” என்றாள். “கடையில இருந்து வரும்போ அவளுக்க கையில வளையல் இருக்காது. பையில இருந்து எடுத்து, படி ஏறும்போ மாட்டுகா. நான் சன்னல் வழி பாத்தேன்.”

யோசுவா கையிலிருந்த உருண்டையைப் பாத்திரத்திலேயே வைத்தார். வளையலும் கைப்பிரதியும் சேர்ந்தால் வேறு சாட்சி எதற்கு?

ஷெமி கருங்கல் பக்கத்துப் பெண். நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை. அவள் புருஷன் விஜினுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் பெட்டிகள் ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்ளும் வேலை. வாரத்தில் ஆறு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. அவனைப் போனில் கேட்டபோது, அவள் ஏதோ படம் வரைகிறாள், அவ்வளவுதான் என்றான். நீ பார்த்தாயா என்று கேட்டதற்கு, எனக்குக் காட்டவில்லை என்றான். அவன் நல்லதுக்குச் சொன்னான். ஆனால் புருஷனுக்கே காட்டாத புத்தகம் என்ன புத்தகம் என்று வீட்டில் பேச்சு இன்னும் ஒரு படி ஏறியது.

சாயங்காலம் விசாரணை நடந்தது. பந்தலுக்கு எவ்வளவு கயிறு வேண்டும் என்று கேட்கப் போனவன் நான், கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். கறுப்புப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஷெமி பொறுமையாகச் சொன்னாள். இது ஒரு பொழுதுபோக்கு. அவரவர் கையால் எழுதி, வரைந்து, நகல் எடுத்து, மடித்துத் தைத்து ஒரு சின்னப் புத்தகம் செய்கிறார்கள். அதை யாருக்காவது அனுப்பினால் அவர்கள் தங்களுடையதை அனுப்புவார்கள். விற்பதில்லை. படித்ததைச் சிலர் பஸ்ஸிலோ நிறுத்தத்திலோ விட்டுவிட்டுப் போவதும் உண்டு, எடுத்தவர் படிக்கட்டும் என்று.

“லாபம் இல்லாம ஒருத்தன் எதுக்கு ஸ்டாம்பு ஒட்டுகான்?” என்றார் யோசுவா.

“சந்தோசத்துக்கு மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். டஜனுக்குப் பதிமூன்றாவதாக ஒரு பழம் வைக்கிறவன் கூட நாளைக்கும் வா என்றுதான் வைக்கிறான். எங்கள் தெருவில் யாரும் சந்தோஷத்துக்காக எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

“செரி, ஒனக்க புஸ்தகத்தக் காட்டு. ஊரான் புஸ்தகம் இங்க வருகுதுன்னா, நீ என்னத்தயோ அனுப்புகல்லா.”

ஷெமியின் முகம் அப்போதுதான் மாறியது. “தீந்து போச்சு மாமா,” என்றாள்.

சரக்கு தீர்ந்துபோச்சு என்பதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது அதை ஒளித்துவைத்த கட்டிலுக்கு அடியில் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவள் பார்க்கவில்லை. ஆனால் எலிசாள் பார்த்தாள்.

மறுநாள் கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானையில், விஜினின் பழைய பேண்ட் பைகளில் எல்லாம் தேடினாள். ஊரான் புத்தகங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டாமலே இருந்தன. ஷெமியுடையது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஓலை வாசிப்பு தொடங்கிவிட்டது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை ஆராதனையில் வாசிப்பார்கள். யாருக்காவது தடை உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். அந்த நேரத்தில் இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வோம். முதல் ஓலை நல்லபடியாகப் போனது. இரண்டாவது ஓலை அன்று போதகர் கேட்டு முடித்ததும் பெண்கள் வரிசையில் சரோஜம் எழுந்தாள். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அவள். தையல் மிஷினும் ஊர் விஷயமும் ஒரே காலால் ஓட்டுகிறவள்.

“தடை இல்ல அய்யா. ஒரு சம்சயம்,” என்றாள்.

அவள் வேத புத்தகத்துக்குள்ளிருந்து கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். நிலாவுக்குள் கண். உதியங்குளங்கரை நிறுத்தத்தில் ஷெமி அதை பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டு பஸ் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். போதகர் அதை வாங்கி, கண்ணைப் பார்த்ததும் மேஜையில் கவிழ்த்து வைத்தார். வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வந்து விசாரிப்பதாகவும் அதற்குப் பிறகே மூன்றாவது ஓலை என்றும் சொன்னார்.

எலிசாள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே மார்த்தாண்டத்திலிருந்து போன் வந்துவிட்டது. மாப்பிள்ளை பிரதீஷின் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது ஓலை வாசிக்கட்டும், வாசித்தால் வருகிறோம் என்றாளாம். வாசிக்காவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆர்ஷா அன்று முழுவதும் சாப்பிடாமல் மாடி வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

புதன்கிழமை எலிசாள் என் கடைக்கு வந்து, தீத்தழும்பு விழுந்த கையால் ஒரு சாக்கைத் தடவிப் பார்த்தாள். சாக்கு வாங்க வரவில்லை என்று தெரிந்தது. நெய்யாற்றின்கரையில் எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். இருக்கும் என்றாள். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

துலாம் மாதத்து மழை மத்தியானமே இடிக்கத் தொடங்கியிருந்தது. போட்டோஸ்டாட் கடையில் கோர்ட்டு குமாஸ்தாக்கள் கூட்டம். சூடான மிஷின் வாசனை, ஈரக் குடை வாசனை. நான் எதிரே ஒரு சாயாவைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கலைந்தது. ஷெமி வளையல்களைக் கழற்றி மிஷின் மேல் வைத்தாள். ஒரு தாளை எடுத்து மூன்று தடவை மடித்தாள், விரித்தாள், நடுவில் பிளேடால் ஒரு கீறல் போட்டாள். பிறகு இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்ளே தள்ளினாள், தாள் எட்டுப் பக்கப் புத்தகமாக எழுந்து நின்றது. ஸ்பூனின் முதுகால் மடிப்பைத் தேய்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீரில் வாழைநார் ஊறிக்கொண்டிருந்தது. யோசுவா மண்டியின் நார்தான், சந்தேகமில்லை, நூல் போலக் கிழித்திருந்தாள். அதை ஊசியில் கோத்து முதுகில் மூன்று தையல் போட்டு முடிச்சை உள்ளே மறைத்தாள். சோற்றுப் பாத்திரம் திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

நான் உள்ளே போனதும் புத்தகங்களின் மேல் கைப்பையை வைத்தாள்.

“ரேஷன் கார்டா அண்ணே?”

“ஆமா.”

“போன மாசம் அஞ்சு காப்பி எடுத்துட்டுப் போனிய. மாமி அனுப்பினாவளா?”

கடையில் உட்கார்ந்து விற்கும்போது பொய் தானாக வரும். வாங்குகிற பக்கம் நின்றால் வராது போலிருக்கிறது. ரேஷன் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவள் கைப்பையை நகர்த்தி ஒரு புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

“வாசியுங்க. ஒங்களுக்கே மனசிலாவும்.”

அட்டையில் ஒரு பெண்ணின் கை மட்டும் வரைந்திருந்தது. விரல் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறது. மேலே, ‘மீன் வாங்கும் விதம்’ என்று தமிழில். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த தீத்தழும்பைப் பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

முதல் பக்கத்தில் அவள் தனக்கு வேண்டிய பாரையைப் பார்ப்பதே இல்லை. அடுத்த பக்கத்தில் வேண்டாத சூரையைத் தூக்கி, இது நேற்றைய மீன் என்று முகம் சுளிக்கிறாள். அதற்கடுத்து, வீட்டில் அவருக்கு வாதம், டாக்டர் மீனே தொடக்கூடாது என்றுவிட்டார், பிள்ளைகளுக்காகத்தான் வந்தேன் என்கிறாள். பிறகு விலை கேட்கிறாள், கேட்டதும் நடக்கிறாள். ஏழு அடி. ஐந்தாவது அடியில் நடை குறைகிறது. ஆறாவதில் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறாள். ஏழாவதில் மீன்காரி பொன்னம்மை கூப்பிடுகிறாள். கடைசிப் பக்கத்தில், குடையை மறந்துவிட்டவள் போலத் திரும்பி வருகிறாள். குடை கையிலேயே இருக்கிறது.

ஒரு வரி அதிகமில்லை, ஒரு வரி குறைவில்லை. கடை அதிரச் சிரித்தேன். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினேன்.

“சபை மாறினேன்னு நெனச்சா ரெண்டு மாசம் ஏசுவாவ, பெறவு பொறுத்துருவாவ,” என்றாள் ஷெமி. “இதப் பாத்தா பொறுக்க மாட்டாவ. எனக்கு அவிய கூடத்தான அடுக்களையில நிக்கணும்.”

“அப்போ ஆர்ஷாக்க ஓலை?”

அவள் வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். தாளில் தடம் விழும் என்றுதான் கழற்றுகிறேன் அண்ணே என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்து எலிசாளிடம், அவள் நகல் எடுக்கிறாள், மடிக்கிறாள், கூட்டம் ஒன்றும் இல்லை என்றேன். எல்லாம் உண்மைதான். எலிசாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒனக்கும் ஒரு பிரதி தந்துட்டா போல,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சாயா வரவில்லை.

சனிக்கிழமை போதகர், சபைச் செக்கரட்டரி, சரோஜம் மூவரும் வந்தார்கள். யோசுவா கூப்பிட்டதால் நானும் இருந்தேன். சந்தேகம் இருந்தாலும் சாப்பாடு உண்டு. மரச்சீனிக் கிழங்கை மசித்து மயக்கியதும் மிளகாய் அரைத்த மீன்கறியும் வைத்திருந்தாள் எலிசாள். மூவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கை கழுவியதும் போதகர் ஷெமியை எதிரே உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் கேட்டார். எந்தக் கூட்டத்திலாவது சேர்ந்திருக்கிறாயா என்றார். இல்லை என்றாள். இந்தக் கண் எதன் அடையாளம் என்றார். தூக்கம் வராத ஒருவரின் கண் அய்யா என்றாள். சரோஜம் மூக்கால் மூச்சு விட்டாள். அப்படியானால் நீ எழுதியதைக் காட்டு, பார்த்தால் தீர்ந்தது என்றார் போதகர்.

ஷெமி எலிசாளை ஒரு தடவை பார்த்தாள். செக்கரட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காட்ட மனமில்லாவிட்டால் நாளைக்கு ஓலை வாசிக்க முடியாது, கமிட்டிக்குத்தான் வைக்கவேண்டும் என்றார்.

கதவோரம் நின்ற ஆர்ஷா அழாமல்தான் பேசினாள். “மைனி, நீங்க கூட்டத்துக்குப் போனாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. போனேன்னு சொல்லுங்க, இல்லன்னா அதக் காட்டுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க.”

ஷெமி எழுந்து உள்ளே போய்க் கைப்பையோடு வந்தாள். வாழைநாரில் தைத்த ஒன்றை எடுத்து, போதகர் நீட்டிய கையைத் தாண்டி, எலிசாளிடம் கொடுத்தாள்.

“முதல்ல மாமி வாசிக்கட்டும் அய்யா. அவிய குடுக்கச் சொன்னா நீங்க வாசியுங்க.”

எலிசாள் கண்ணாடி போட்டுக்கொண்டாள். அட்டையைப் பார்த்தாள். தன் கட்டைவிரலைப் பார்த்தாள். எட்டுப் பக்கம் புரட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவள் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொன்னம்மைக்கு முன்னால் வைக்கிற முகம் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். அந்த அறையில் அதைக் கிழித்துப் போட அவளுக்கு உரிமை இருந்தது. சரோஜம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் பொன்னம்மையிடம் மீன் வாங்குகிறவள்தான்.

எலிசாள் மகளைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் போதகரிடம் நீட்டினாள்.

“வாசியுங்க அய்யா. சபைக்கு விரோதமா ஒண்ணும் இல்ல.”

போதகர் மூன்றாவது பக்கத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டார். முடித்ததும் யோசுவாவைப் பார்த்து, “ஒங்களுக்க வாதம் இப்போ எப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

“எனக்கு எங்க வாதம்?” என்றார் யோசுவா, ஒன்றும் தெரியாமல்.

செக்கரட்டரி வாசித்தார். சரோஜம் வாசித்தாள், இரண்டு தடவை. ஏழு அடி என்பது உள்ளதுதான், நானே பார்த்திருக்கிறேன் என்றாள். சந்தேகம் தீர்ந்தது என்று செக்கரட்டரி குறித்துக்கொண்டார். ஆனால் சாயா வந்தபோது மூவரும் குடித்த விதம் வேறாக இருந்தது. சரோஜம் சர்க்கரை போதாது என்று சொல்ல வாயெடுத்து, ஷெமி பார்ப்பதைக் கண்டு சொல்லாமல் விட்டாள். போதகர் பிஸ்கட்டை முக்குவதற்கு முன் யோசித்தார். போகும்போது ஒருவரும் அவளுக்கு முதுகைக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தாயிற்று. ஒருவரும் எழவில்லை. மார்த்தாண்டத்துக்காரர்கள் கேக்கோடு வந்து போனார்கள். எலிசாள் எல்லாரிடமும் பேசினாள், ஷெமியிடம் மட்டும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஆர்ஷாவிடம் கேட்டு வாங்கினாள். உப்பு ஷெமியின் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் எலிசாள் சந்தைக்குப் போனாள். நான் அப்போது மீன்வரிசைக்குப் பக்கத்தில் கயிறு இறக்கிக்கொண்டிருந்தேன். பொன்னம்மை அலுமினியச் சருவத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எலிசாள் சூரையைத் தூக்கினாள்.

“சூரைய வையுங்க அக்கா. ஒங்களுக்குப் பாரைதான வேணும்,” என்றாள் பொன்னம்மை. “நடக்காண்டாம், கால் வலிக்கும். அண்ணனுக்க வாதத்துக்கும் பாரை நல்லதாக்கும்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. சரோஜம் ஒரு நாளைக்குள் வேலையை முடித்திருந்தாள். எலிசாள் பொன்னம்மை சொன்ன முதல் விலைக்கே பாரையை வாங்கிப் பையில் போட்டாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. அவள் திரும்பி நடந்தபோது யாரும் அடியை எண்ணவில்லை, ஆனால் எண்ணுவது போலத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

பந்தல் கயிற்றோடு நான் போனபோது அவள் பின்கட்டில் மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். ஷெமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.  எலிசாள் தலை நிமிராமலே கேட்டாள்.

“எத்தன பேருக்குப் போச்சு?”

ஷெமி துருவுவதை நிறுத்தினாள். “நூத்திப் பதினேழு பேருக்கு மாமி. மறு தபால் முக்காலும் எனக்க கடைக்குத்தான் வரும்.”

“நான் போனதுக்கு அவனுவ என்ன தந்தானுவ? எடுத்துட்டு வா.”

பிஸ்கட் டின் வந்தது. எலிசாள் கையைக் கழுவி, சேலையில் துடைத்து, மணையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, தாளின் கனத்தை விரலால் தேய்த்து, தையலை இழுத்துப் பார்த்து, பிறகே திறந்தாள்.

“இது என்ன?”

“பெங்களூருல ஒரு பிள்ளைக்குப் பல்வலி மாமி.”

“மாறிச்சா?”

“ஆறாம் பக்கத்துல பிடுங்கிட்டாவ.”

அது வலது பக்கம் போனது. ஒரு ஆள் தன் தெருவில் உதிர்ந்த இலைகளை வரைந்திருந்தான், அதைக் கொஞ்சம் யோசித்து இடது பக்கம் வைத்தாள். போதகர் திருப்பித் தந்துவிட்டுப் போன தூங்காத ஆளின் கண்ணையும் இடது பக்கம் கவிழ்த்தாள். பச்சை அட்டை போட்ட ஒன்றை வெகுநேரம் புரட்டினாள்.

“இது?”

“ஒருத்தருக்க வீட்டுப் பூனை.”

“பூனை என்ன செய்யுது?”

“உறங்குது.”

“எட்டுப் பக்கமுமா?”

“எட்டுப் பக்கமும் மாமி.”

எலிசாள் கண்ணாடியைக் கழற்றினாள். சந்தையில் அவ்வளவு பேர் சிரித்தபோது வராத கோபம் அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது.

“என்னையக் குடுத்து இந்த உறங்குத பூனையா வாங்கின?”

 எலிசாள் பச்சைப் புத்தகத்தை ஷெமியின் மடியில் போட்டாள்.

“இனி ஒருத்தன் கேட்டா ஒண்ணு வாங்கிட்டுக் குடுக்காத. ரெண்டு கேளு.”

“அப்பிடிக் கேக்கப்படாது மாமி. ஒண்ணு குடுத்தா ஒண்ணு. அதாக்கும் முறை.”

“அது பூனைக்கு,” என்றாள் எலிசாள்.